வெசுவியஸ், பாம்பெய் ரெண்டும் ஒரே நாள்ல முடியுமா? முடியும், ஆனா அந்த ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க

கேள்வி: மே கடைசி வாரம் குடும்பத்தோட இத்தாலி போறோம் சார். நான், வீட்டுக்காரர், 11 வயசு பையன், என் மாமியார் (68 வயசு, முட்டி வலி இருக்கு). தங்குறது ரோம்ல. ஒரே ஒரு நாள் நேப்பிள்ஸ் பக்கம் ஒதுக்கியிருக்கோம், காலைல போய் ராத்திரி திரும்பணும். பையனுக்கு வெசுவியஸ் எரிமலை ஏறணும், வீட்டுக்காரருக்கு அது வெடிச்சுப் புதைஞ்சு போன பழைய ஊர் பாம்பெயைப் பார்க்கணும். ரெண்டும் முடியுமா? ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 160 யூரோ, பையனுக்கும் அதே ரேட், "க்யூல நிக்க வேண்டாம், எல்லாம் சேர்த்து"ன்னு சொல்றார். குடுக்கலாமா?

பதில்: முடியும். ஏஜென்ட்டுக்கு குடுக்காதீங்க. மாமியாரை மலைக்கு கூட்டிட்டு போகாதீங்க. இந்த மூணும் தான் பதில், மிச்சமெல்லாம் எப்படி செய்யறதுங்கறது.

எல்லாரும் மலை ஏறுறது தான் பெரிய வேலைன்னு நினைச்சு பயப்படறாங்க. அது இல்ல. வெசுவியஸோட உயரம் 1281 மீட்டர், வண்டி 1000 மீட்டர் வரைக்கும் கொண்டு போய் விட்டுடும், அதுக்கு மேலயும் நீங்க உச்சிக்கு போறதில்ல, எரிமலை வாய் விளிம்பு வரைக்கும் தான் பாதை, பையன் 20 நிமிஷத்துல ஓடிடுவான், நாம நின்னு நின்னு போனா முக்கா மணி. விளிம்புல கொஞ்ச நேரம் நடந்து பார்த்துட்டு இறங்கினா மொத்தமா ஒன்றரை மணி நேரம். அன்னிக்கு உங்க நாளைக் கெடுக்கப் போறது மலை இல்ல, டிக்கெட்ல போட்டிருக்கிற மணி. மலைக்கும் மணி போட்டு டிக்கெட், பாம்பெய்க்கும் மணி போட்டு டிக்கெட், நடுவுல ஒரு பஸ்ஸு, ஒரு ரயிலு. இதுல ஒண்ணு நழுவினா அடுத்தது காலி.

மலை தேசியப் பூங்காகாரங்க கையில, பாம்பெய் தொல்லியல் பூங்காகாரங்க கையில. தனித்தனி ஆபீஸு, தனித்தனி டிக்கெட்டு, ஒருத்தர் விக்கிற நேரம் இன்னொருத்தருக்குத் தெரியாது. 2024ல மட்டும் பாம்பெய்க்கு 40 லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க, அதுல எத்தனையோ பேர் அதே நாள் மலைக்கும் போறவங்க தான், ரெண்டையும் சேர்த்து பஸ்ஸோட ஒரே டிக்கெட்டா குடுக்கணும்னு இத்தனை வருஷத்துல யாருக்கும் தோணல பாருங்க! அந்த ஓட்டையில தான் உங்க ஏஜென்ட் மாதிரி ஆளுங்க பொழைக்கிறாங்க.

அவர் சொல்ற 160ஐ பிரிச்சுப் பாருங்க. மலை டிக்கெட் சுமார் 10 யூரோ, பாம்பெய் 20ஐ ஒட்டி, நேப்பிள்ஸ் பக்கத்து லோக்கல் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து தாராளமா 30 போடுங்க (ரோம்லேர்ந்து வர்ற வேக ரயில் காசு தனி). 60க்குள்ள முடிஞ்சுது. பையனுக்கு பாம்பெய்ல காசே கிடையாது, 18 வயசுக்குக் கீழ எந்த நாட்டுப் பிள்ளையா இருந்தாலும் இலவசம், அவன் பேர்ல பூஜ்ய ரூபா டிக்கெட் ஒண்ணு எடுத்தா போதும். அந்த இலவச டிக்கெட்டுக்கும் சேர்த்து தான் அவர் 160 கேக்கறார். "க்யூல நிக்க வேண்டாம்"ங்கறதும் சும்மா, ஆன்லைன்ல டிக்கெட் எடுத்த யாருமே கவுன்ட்டர் க்யூல நிக்கறதில்ல, உள்ள போற வாசல்ல பை செக் பண்ற க்யூ எல்லாருக்கும் ஒண்ணு தான். "வெசுவியஸ் சேர்த்து"ன்னா பஸ் மட்டுமா, மேல போற டிக்கெட்டும் சேர்த்தான்னு எழுத்துல கேளுங்க. நூத்துக்கு முக்காவாசி பேர் அங்க மழுப்புவாங்க.

இப்ப நாளைச் சொல்றேன். ரோம்லேர்ந்து வேக ரயில் நேப்பிள்ஸ் சென்ட்ரலுக்கு ஒரு மணி 10 நிமிஷம், அதுல காலைல எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஏறுங்க, எட்டேகாலுக்குள்ள நேப்பிள்ஸ்ல இறங்கணும். அதே ஸ்டேஷனுக்கு அடியில சிர்கும்வெசுவியானான்னு ஒரு லோக்கல் ரயில், சொரென்டோ போற வண்டி. பழைய வண்டி, கூட்டம் நெரியும், பர்ஸ முன்பக்கம் வச்சுக்கங்க. அதுல 20 நிமிஷத்துல எர்கொலானோ ஸ்காவி. பாம்பெய் அதே லைன்ல இன்னும் 20 நிமிஷம் தள்ளி. எர்கொலானோ ஸ்டேஷனுக்கு வெளியவே மலைக்குப் போற வண்டிங்க நிக்கும். பாம்பெய் ஊர்லேர்ந்தும் பஸ் இருக்கு, ஆனா அது சுத்திக்கிட்டு போக கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும், நேப்பிள்ஸ் பக்கத்துலேர்ந்து வர்ற உங்களுக்கு எர்கொலானோ தான் வழியில இருக்கு.

மலை டிக்கெட்டை பத்தரை மணிக்குப் போடுங்க. ஒன்பதுக்குப் போட்டா ரயில் லேட்டானா போச்சு, மதியம் போட்டா மேகம் வந்து வாயை மூடிக்கிட்டா பனியைத் தான் பார்த்துட்டு வரணும். டிக்கெட்டை இந்தியாவுலயே, கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, ஏன்னா மேல கவுன்ட்டர் கிடையாது, போன் சிக்னலும் சரியா வராது, கேட் முன்னாடி நின்னுக்கிட்டு போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிக்கிற கூட்டத்தை எந்த நாளும் பார்க்கலாம். டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. கூகுள்ல தேடினா மேல வர்ற முதல் நாலஞ்சு விளம்பரம், பூங்கா பேரையே போட்டிருப்பாங்க, உள்ள போனா அதே டிக்கெட் மூணு மடங்கு விலை. கீழ இறங்கி பூங்காவோட சொந்த தளத்துலேர்ந்து போங்க.

மேல இன்னொரு சின்ன வேலை நடக்கும். பாதை ஆரம்பிக்கிற இடத்துல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே ஊன்றுகோல் ஒண்ணைக் கையில குடுப்பார், சும்மா தான்னு நினைச்சு வாங்குவீங்க, இறங்கி வரும்போது காசு கேப்பார். வேணும்னா வாங்கிக்கங்க, பாதை முழுக்க சாம்பலும் சரளையும், இறங்கும்போது வழுக்கும், ரெண்டு யூரோ குடுக்கலாம் தப்பில்ல, ஆனா விலையை முதல்லயே கேட்டுடுங்க.

பையன்கிட்ட ஒண்ணு முன்னாடியே சொல்லி வைங்க. உள்ள கொதிக்கிற குழம்பு எதுவும் தெரியாது. கடைசியா வெடிச்சது 1944 மார்ச், உலகப்போர் நடந்துக்கிட்டிருந்தப்போ, பக்கத்துல நிறுத்தியிருந்த அமெரிக்க குண்டு வீச்சு விமானங்கள் வெடிப்புல வந்த சாம்பல்லயே கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் வாய் அடைஞ்சு கிடக்கு, சுமார் 300 மீட்டர் ஆழப் பள்ளம், ஓரத்துல அங்கங்க ஆவி வரும், அவ்வளவு தான். 1841ல அங்க ஒரு எரிமலை ஆய்வகம் ஆரம்பிச்சாங்க, உலகத்துலயே முதல்ல வந்தது அது தான், இப்பவும் ராப்பகலா கண்காணிக்கறாங்க. அதனால வாட்ஸப்புல வர்ற "வெசுவியஸ் வெடிக்கப் போகுது" மெசேஜை அத்தை படிச்சு பயந்தா இதைச் சொல்லுங்க.

அத்தைக்கு வருவோம். முட்டி வலிக்காரங்களுக்கு அந்தப் பாதையில ஏறுறது கூட பரவால்ல, இறங்குறது தான் கொல்லும், பிடிச்சுக்க சுவர் இருக்காது, நிழல் இருக்காது. "மேல கடைகிட்ட உக்காந்திருக்கட்டும்"னு விட்டுட்டுப் போறவங்களைப் பார்க்கிறேன், காத்துல ரெண்டு மணி நேரம் அந்த அம்மா என்ன பண்ணுவாங்க. அதுக்குப் பதிலா எர்கொலானோ ஸ்டேஷன்லயே பிரிஞ்சுடுங்க. ஒருத்தர் பையனோட மலைக்கு, ஒருத்தர் அத்தையோட ஹெர்குலேனியத்துக்கு. (நீங்க மலைக்குப் போகணும்னா வீட்டுக்காரரை அத்தையோட அனுப்புங்க, அவர் அம்மா தானே.) ஸ்டேஷன்லேர்ந்து கடல் பக்கமா நேரா இறங்குற ரோடு, போகும்போது பத்து நிமிஷ நடை, திரும்பி வர்றது ஏத்தம், டாக்ஸி பிடிச்சுடுங்க.

ஹெர்குலேனியம் பாம்பெய் மாதிரியே கி.பி. 79ல புதைஞ்ச ஊர், ஆனா புதைஞ்ச விதம் வேற. பாம்பெய் மேல மணிக்கணக்கா நுரைக்கல் (எரிமலை கக்குற லேசான கல்லு) மழையா கொட்டி, கூரையெல்லாம் இடிஞ்சு, அப்புறம் சூட்டு வாயு வந்துச்சு. ஹெர்குலேனியத்துல சூட்டு வாயுவும் சாம்பலும் அலையலையா வந்து 20 மீட்டர் உயரத்துக்கு மூடிடுச்சு, அதனால மரம் கருகினபடி அப்படியே நிக்குது, கதவு, உத்தரம், மாடி வரைக்கும் பார்க்கலாம். கரையோர படகுக் கொட்டடியில ஒதுங்கின 300 பேரோட எலும்புக்கூட்டை 1980லேர்ந்து தோண்டி எடுத்தாங்க. ஊர் சின்னது, ரெண்டு மணி நேரத்துல ஆற அமரப் பார்த்துடலாம். என்னைக் கேட்டா பாம்பெயை விட இது தான் மேல், ஆனா பாம்பெய் பார்க்காம ஊர் திரும்பினா சொந்தக்காரங்க விட மாட்டாங்க, அதுவும் தெரியும்.

மலைக்குப் போனவங்க பன்னிரண்டரை, ஒண்ணுக்குள்ள கீழ வந்துடுவாங்க. எர்கொலானோலயே எதாவது சாப்பிட்டுட்டு ரயிலேறுங்க. இறங்க வேண்டியது பாம்பெய் ஸ்காவி, வில்லா தெய் மிஸ்தேரி. வெறும் "பாம்பெய்"னு போட்ட ஸ்டேஷன் வேற, இன்னொரு லைன்ல, இடிபாட்டோட மறுபக்கம். மேப்ல பேர் பார்த்து நேப்பிள்ஸ்லேர்ந்து வேற வண்டி ஏறிடாதீங்க.

இறங்கின உடனே "இன்ஃபர்மேஷன்"னு பெருசா பலகை போட்ட கடைங்க வரிசையா இருக்கும், கழுத்துல அட்டை மாட்டின ஆளுங்க கூப்பிடுவாங்க, உள்ள க்யூ ரெண்டு மணி நேரம்பாங்க, இன்னிக்கு டிக்கெட் முடிஞ்சு போச்சும்பாங்க. அது அரசு ஆபீஸ் இல்ல, டூர் விக்கிற கடை. நின்னு பதில் சொல்லாதீங்க, நேரா நடங்க.

டிக்கெட் விஷயத்துல ஒண்ணை மட்டும் விரிவா சொல்லியாகணும், நம்ம ஆளுங்க இதுல தான் மாட்டறாங்க. 2024 நவம்பர் 15லேர்ந்து பாம்பெய் டிக்கெட்ல ஒவ்வொருத்தர் பேரும் இருக்கணும், வாசல்ல அடையாள அட்டை கேப்பாங்க. ஒரு நாளைக்கு 20,000 பேர் தான். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் காலைல 15,000, மதியம் ஒரு மணிக்கு மேல வெறும் 5,000, உங்களுக்கு வேண்டியது அந்த 5,000ல நாலு, அதனால மலை டிக்கெட்டுக்கு முன்னாடி இதை எடுங்க. இப்ப பேருக்கு வாங்க. ஃபார்ம்ல பேரு ஒரு கட்டம், குடும்பப் பேரு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பேரு? ஒருத்தருக்கு பாஸ்போர்ட்ல குடும்பப் பேர் இடம் காலி, இன்னொருத்தருக்கு அப்பா பேரு, அத்தைக்கு ரேஷன் கார்டுல மாமா பேர் பின்னாடி, பாஸ்போர்ட்ல முன்னாடி, பையனுக்கு இனிஷியல் மட்டும். ஃபார்ம் காலியா விட ஒத்துக்காது, இனிஷியல் ஒத்தை எழுத்தா போட்டாலும் சில சமயம் சிவப்பா காட்டும். பாஸ்போர்ட்டைத் திறந்து வச்சு, அதுல என்ன எழுத்து இருக்கோ அதே எழுத்து, ஸ்பெல்லிங் மாறாம போடுங்க. குடும்பப் பேர் காலின்னா பேரையே ரெண்டு கட்டத்துலயும் போடுங்க, இல்ல பேர் ரெண்டு வார்த்தையா இருந்தா பிரிச்சுப் போடுங்க. வாசல்ல நிக்கிறவர் பார்க்கறது டிக்கெட்ல இருக்கிற பேர் பாஸ்போர்ட்ல கண்ணுல படுதாங்கறது தான். இதை எல்லாம் எந்த ஏஜென்ட்டும் கேக்க மாட்டார், நாலு பேருக்கும் உங்க வீட்டுக்காரர் பேரையே போட்டு அனுப்பிடுவார், வாசல்ல நீங்க தனியா நிக்கணும். பாஸ்போர்ட்டை ஒரிஜினலாவே எடுத்துட்டுப் போங்க.

உள்ள எல்லாத்தையும் பார்க்கணும்னு நினைக்காதீங்க, அகழ்ந்தது மட்டும் 40 ஹெக்டேருக்கு மேல. அத்தைக்காக ஆம்ஃபிதியேட்டர் பக்க வாசலுக்கு டாக்ஸில போங்க. அங்கேர்ந்து சக்கர நாற்காலியும் போற மாதிரி சீரமைச்ச தடம் ஒண்ணு இருக்கு, மூணு கிலோமீட்டருக்கு மேல, எங்க முடியலையோ அங்க உக்காந்துடலாம். மத்த தெருவெல்லாம் பெரிய பெரிய பாறைக்கல்லு, கால் மடங்கும். வாசல்லேர்ந்து பக்கத்துலயே தப்பியோடினவங்க தோட்டம், 13 பேரோட சாந்து வார்ப்பு அங்க இருக்கு, பையன் கேள்வி மேல கேள்வி கேப்பான். உடம்பு மக்கின பள்ளத்துல சாந்து ஊத்தி எடுக்கிற அந்த முறையை அங்க அகழாய்வு நடத்தின ஃபியோரெல்லி 1863ல கொண்டு வந்தார். அப்புறம் கடைவீதி, குளியல் மண்டபம், சந்தைத் திடல், போதும். தெருக்குழாய்ல நல்ல தண்ணி வரும், பாட்டில் மட்டும் எடுத்துட்டுப் போங்க. 30 சென்டிமீட்டருக்கு மேல பெரிய பை உள்ள விட மாட்டாங்க. பாம்பெய்ல கிடைச்ச நம்ம நாட்டு தந்தச் சிலையைத் தேடாதீங்க, 1938ல எடுத்தது, நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கு, அன்னிக்கு அதுக்கு நேரமில்ல.

அஞ்சு மணிக்கு வெளிய வந்துடுங்க. ரோம் ரயில் எட்டு மணிக்கு முன்னாடி போடாதீங்க, லோக்கல் வண்டி எப்ப வரும்னு அதுக்கே தெரியாது, நடுவுல ஸ்ட்ரைக் வேற வரும். கிளம்பறதுக்கு மூணு நாள் முன்னாடி அந்தத் தேதியில ரயில் ஸ்ட்ரைக் இருக்கான்னு தேடிப் பாருங்க, இருந்தா நாளை மாத்துங்க. பேர் போட்ட டிக்கெட்டுக்கு காசு திரும்ப வராது, பரவால்ல, விட்டுடுங்க, ரெண்டு டிக்கெட் போனாலும் அவர் கேட்ட 640 யூரோவை விடக் கம்மி தான்.