ஸ்கேன் மருந்தை ஊசி இல்லாமல் குடிக்க முடியாதா?

கேள்வி: லிம்ஃபோமாவுக்கு (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) கீமோ முடிந்துவிட்டது. கதிரியக்க மருந்தை ஏற்றி, அது உடலில் எங்கே சேர்கிறது என்று படமெடுக்கும் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கையில் நரம்பே கிடைப்பதில்லை. போன தடவை குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஊசிக்குப் பதில் குடிக்கிற மருந்தைச் சோதிக்கிறார்களாமே, அது வரும்வரை காத்திருக்கலாமா? அந்தக் கதிரியக்க மருந்தே மறுபடி புற்றுநோயைக் கொண்டுவரும் என்றும் படித்தேன். கீமோ ஏற்றத் தோலுக்கடியில் குழாயோடு வைத்த போர்ட் இருக்கும் பக்கத்துக் கை மூன்று வாரமாக வீங்கியிருக்கிறது, தைலம் தேய்க்கிறேன்.

பதில்: ஸ்கேன் இருக்கட்டும். கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தக் கையை இன்றே காட்டுங்கள். குத்திய இடத்தில் கன்றிப்போனால் சில நாளில் வடிந்துவிடும். போர்ட் பக்கத்தில் கை முழுக்க வீங்கி, மோதிரம் இறுகி, தோள்பட்டையில் நீலநிற நரம்புகள் புடைத்துத் தெரிந்தால், உள்ளே ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தே ஆகவேண்டும். புற்றுநோயும் கீமோவும் ரத்தத்தை உறையவைக்கக்கூடியவை. போர்ட்டின் குழாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தைலத்தை நிறுத்துங்கள், தேய்க்கவே கூடாது. ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தக்கட்டி என்று உறுதியானால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தருவார்கள். பல சமயம் போர்ட்டை எடுக்க வேண்டிய அவசியமும் இருக்காது. மூன்று வாரம் தைலத்தோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

குடிக்கிற மருந்து விஷயம் பொய்யல்ல. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடினை விழுங்கத்தான் தருகிறோம். பெட் ஸ்கேனுக்கான கதிரியக்க மருந்தான எஃப்டிஜி, குளுக்கோஸ் போன்ற பொருள். குடித்தாலும் குடல் உறிஞ்சிக்கொள்ளும். நரம்பே கிடைக்காதவர்களுக்கு அப்படிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் உடலில் பரவ நேரமாகிறது. அதன் கதிரியக்கமோ 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இரைப்பையும் குடலும் படத்தில் பளிச்சென்று தெரியும். உங்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுக்களையும் பார்த்தாக வேண்டுமே! தவிர, லிம்ஃபோமாவில் கணு எவ்வளவு மருந்தை இழுக்கிறது என்பதைக் கல்லீரலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறோம். அந்தக் கணக்கெல்லாம் ஊசி வழியாகப் போட்டதை வைத்து வந்தது. ஆகவே உங்களுக்கு ஊசிதான். கீமோ முடிந்து 6 முதல் 8 வாரம் கழித்து எடுப்பது வழக்கம். மருத்துவர் சொன்ன தேதியை அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

புற்றுநோய் பயம் வீண். இந்த அளவுக் கதிர்வீச்சால் கூடும் ஆபத்து மிகச் சிறியது. மருந்தும் மறுநாளுக்குள் அநேகமாக அடங்கிவிடும். அதையே குடித்தால் மட்டும் கதிரியக்கம் இல்லாமல் போய்விடுமா என்ன?

நரம்பு கிடைக்காது என்பதை நேரம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே ஊசி ஏற்றத் தெரிந்தவர் இருப்பார். வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் தண்ணீர் குடிக்கத் தடையில்லை. நன்றாகக் குடித்துவிட்டுப் போங்கள். உடலைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். நரம்பு எழும்பும், குளிரில் கழுத்துக் கொழுப்பு மருந்தை இழுத்துக்கொண்டு, கணு போலத் தோன்றிக் குழப்புவதும் குறையும். போர்ட் வழியாகப் போட்டால் மருந்து அங்கேயே கொஞ்சம் தங்கிப் படத்தைக் கெடுக்கலாம் என்பதால்தான் கையைத் தேடுகிறார்கள். வேறு வழியே இல்லையென்றால் போர்ட்டைப் பயன்படுத்தலாம், ஆனால் வீக்கம் எதனால் என்று தெரிந்த பிறகு.