நீருக்குள் போன வீட்டைத் தேடுவது எப்படி?

கேள்வி: என் அம்மாயி பிறந்த வீடு பழைய மஸ்கெலியாவில், கடைவீதிக்குச் சற்று அப்பால் இருந்தது. நகரம் நீர்த்தேக்கத்தில் மூழ்கியபின் அவருடைய தம்பி குடும்பத்தோடு இந்தியா சென்றுவிட்டார். ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. அந்த வீடு நின்ற இடத்தையும், அங்கே வாழ்ந்தவர்களையும் இனி அறிய வழி உண்டா?
வாசகி, ஹட்டன்

பதில்: உண்டு. அம்மாயியின் வீட்டைப் பற்றிய துல்லியமான எழுத்து, அதை அகற்றுவதற்காக உருவான ஆவணங்களிலேயே இருக்கக்கூடும். தனியார் காணியை அரசு பொதுத் தேவைக்கு எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படியே. அதன் 7ஆம் பிரிவு, நட்டஈடு கோருவோரை அழைக்கும் அறிவித்தலை அரசிதழான வர்த்தமானியில் வெளியிடச் சொல்கிறது. பழைய மஸ்கெலியாவை மூழ்கடித்த மவுசாக்கலை அணை 1960களின் பிற்பகுதியில் கட்டப்பட்டதால், அதற்கு முந்திய சில ஆண்டுகளின் வர்த்தமானிகளைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பாருங்கள். அங்கே காணியின் விவரமும் வரைபட இலக்கமும் கிடைத்தால், அவற்றைக் கொண்டு நில அளவைத் திணைக்களத்தில் வரைபடத்தையும் காணிப் பதிவகத்தில் உறுதிப் பத்திரங்களையும் தேடலாம்.

ஆனால் உங்கள் குடும்பம் வாடகைக்கு இருந்திருந்தால், அந்தத் தாள்களில் காணிக்காரரின் பெயர்தான் இருக்கும். இடம் கிடைக்கும், மனிதர்கள் கிடைக்கமாட்டார்கள். மலையகத்தில் இதுவே பெரும்பாலோரின் நிலை என்பது எனக்கு எப்போதும் வேதனை தருவது: தலைமுறைகளாக அடுப்பெரிந்த வீட்டுக்கு, அடுப்பெரித்தவர்களின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இருப்பதில்லை.

மனிதர்களை வேறு வழியில்தான் தேட வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவுசெய்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய பேச்சுக்கு விட்டது. அதன்படி இந்தியா சென்ற குடும்பங்களுக்கு, உறுப்பினர்களின் பெயர்கள் எழுதிய குடும்ப அட்டை கொடுக்கப்பட்டது. தம்பியின் பிள்ளைகள் நீலகிரிப் பக்கமோ வேறெங்கோ இருந்தால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பிறப்புச் சான்றிதழ்களையும் கேளுங்கள். பெயர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று எதையும் தள்ளிவிடாதீர்கள்.

வறட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். வரைபடம் கிடைத்தபின், அந்த நகரத்தில் நடமாடிய பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு அப்போது போங்கள். கோயிலிலிருந்து வீட்டுக்கு எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று அவரைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். சேறு ஆழமாக இருக்கும்; கரையில் நின்றே பாருங்கள்.