வாசகர் கேள்விகள்: பர்மாரும் இமாசலமும்

கேள்வி: இமாசலப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் ஒய்.எஸ். பர்மார் என்று என் மகனின் போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. மாநில அந்தஸ்துக்காக அவர் என்ன செய்தார்? (வாசகி, கோத்தகிரி)

பதில்: ஒரு வரியில் அடங்குகிற வாழ்க்கை அல்ல அது. சிர்மூர் சமஸ்தானத்துக் கிராமம் ஒன்றில் 1906-இல் பிறந்த யஷ்வந்த் சிங் பர்மார், அதே சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்து, பின்னர் மன்னராட்சியை எதிர்த்த பிரஜா மண்டல இயக்கத்துக்கு வந்தவர். 1948 ஏப்ரல் 15 அன்று சுமார் முப்பது மலைச் சமஸ்தானங்களை இணைத்து இமாசலம் உருவாக்கப்பட்டது; ஆனால் ஆட்சி மத்திய அரசு நியமித்த தலைமை ஆணையரின் கையில்தான் இருந்தது. 1952-இல் பர்மார் முதலமைச்சரானார்.

அவருடைய உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. மாநில எல்லைகளை மாற்றி வரைவது பற்றிப் பரிந்துரைத்த மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் இருவர் இமாசலத்தைப் பஞ்சாபுடன் இணைத்துவிடலாம் என்றார்கள். தலைவர் பசல் அலி மட்டும் அது தனித்தே இருக்க வேண்டும் என்று மாற்றுக் கருத்தை எழுதி வைத்தார். சமவெளியின் பெரிய சட்டமன்றத்தில் மலைக்காரர்களின் குரல் எடுபடாது என்பதே இணைப்பை எதிர்த்தவர்களின் அச்சம். நம் சென்னை மாநிலத்தின் எல்லைகள் மாற்றி வரையப்பட்ட அதே 1956 நவம்பர் 1 அன்று இமாசலம் யூனியன் பிரதேசமாயிற்று. சட்டமன்றம் போயிற்று, பர்மாரின் முதலமைச்சர் பதவியும் போயிற்று. பதவி போனாலும் மலைப்பகுதி பஞ்சாபோடு சேராமல் தனித்து நின்றதே பெரிது என்று அவர் அதை ஏற்றுக்கொண்டதைத்தான், 1971-இல் கிடைத்த மாநில அந்தஸ்தைக் காட்டிலும் பெரிதாக நான் மதிக்கிறேன்.

1963-இல் சட்டமன்றம் திரும்பியது. அவரும் மீண்டும் முதலமைச்சரானார். 1966-இல் பஞ்சாப் பிரிக்கப்பட்டபோது காங்ரா, குலு, சிம்லா முதலிய பகுதிகள் இமாசலத்தோடு சேர்ந்தன. நமக்கு ஊட்டி போல வெள்ளைக்காரர்களின் கோடைத் தலைநகராக இருந்த சிம்லா நகரம் அதுவரை பஞ்சாபுக்குள்தான் இருந்தது. 1971 ஜனவரி 25 அன்று, பனி கொட்டிக்கொண்டிருந்த சிம்லாவின் ரிட்ஜ் மைதானத்தில் திரண்டிருந்த மக்களிடம், இமாசலம் இந்தியாவின் 18-ஆவது மாநிலமாகிவிட்டது என்று இந்திரா காந்தி அறிவித்தார்.

கேள்வி: தனி மாநிலம் ஆனதால் அங்குள்ள விவசாயிக்குக் கிடைத்தது என்ன? (வாசகர், குன்னூர்)

பதில்: சாலைகளும் பழத்தோட்டங்களும் பெருகியதைப் பலரும் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது 1972-ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை. அதன் 118-ஆவது பிரிவின்படி, அந்த மாநிலத்தில் சொந்தமாகப் பயிர் செய்யும் விவசாயி அல்லாத எவரும் அரசின் அனுமதி இல்லாமல் அங்கே நிலம் வாங்க முடியாது. நம் நீலகிரியின் கேத்தியில் தலைமுறை தலைமுறையாகக் கேரட் பயிரிடுகிறவர் போய்க் கேட்டாலும் இதே விதிதான். பின்னாளில் சில தளர்வுகள் வந்தபோதிலும் அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தேயிலைக்கு விலை கிடைக்காத ஆண்டுகளில் சிறு விவசாயிகள் விற்ற நிலங்களில் விடுதிகள் எழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இதன் அருமை புரியும். விவசாய நிலத்தின் கைமாற்றம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆகவே நீலகிரிக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி மாநிலம் தேவையில்லை, சென்னைச் சட்டமன்றமே அதை இயற்றலாம்.