ஒரே குரல் பயிற்சி எல்லோருக்கும் சரிவருமா?

கேள்வி: திருகோணமலையில் இருக்கிறோம். 13 வயது மகன் பண்ணிசை (தேவாரத்தைப் பண், அதாவது பழந்தமிழ் ராகத்தில் பாடுவது) பாடுகிறான். தங்கை தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறாள். இருவரையும் ஒரே பயிற்சியில் விடலாமா?

ஒரே ஆசிரியரிடம் விடலாம், ஒரே பயிற்சி வேண்டாம்.

முதலில் மகன். இந்த வயதில் குரல்வளை வளரும், குரல்நாண்கள் நீண்டு தடிக்கும், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையான தூரம்) இறங்கும். போன வருடம் 5 கட்டைச் சுருதியில் பாடிய பிள்ளையை இப்போதும் அங்கேயே நிறுத்திக் கத்த வைத்தால் நாண்கள் வீங்கலாம். சுருதியை மெல்ல மெல்ல இறக்கி, சிரமமில்லாத நாலைந்து சுரங்களுக்குள் பாட விடுங்கள். சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தை எந்தச் சுருதியில் பாடினாலும் பண் புறநீர்மைதான். போட்டிக்காக மேலே இழுக்கச் சொல்லும் ஆசிரியர் என்றால், தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

தங்கைக்குத் தேவை வேறு. குழுவில் ஒருவர் குரல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்டு, 'ஆ', 'ஓ' ஒவ்வொன்றையும் குழுவில் மற்றவர்கள் பாடும் அதே வாயமைப்பில் பாட வேண்டும். கமகத்தில் (சுரத்தை அசைத்துப் பாடுவதில்) ஊறிய குரல் என்றால், ஒரு சுரத்தை அசையாமல் பிடிப்பதே பெரிய பாடம்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று சொல்வேன். ஸ்ட்ரோவை உதட்டில் வைத்து, அதனூடே 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்கிப் பாடுங்கள். உள்ளே எழும் எதிரழுத்தம் நாண்கள் மோதும் வேகத்தைக் குறைக்கும். பாடுமுன் ஐந்து நிமிடம் போதும். தொண்டை வலித்தால் அன்றைக்கு ஓய்வு. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.