அம்மாவின் குடி

அன்புள்ள ஐயா,

நான் சுவிற்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவள். சென்ற ஆண்டு அம்மா காலமானார். அவர் பிறந்த, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு முதன்முறையாகச் சென்று, பெரியம்மாவுடன் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலில் நின்றேன். தீபம் காட்டியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் எனக்கு ஒரு தேவாரம்கூட முழுதாகப் பாடத் தெரியாது, அப்பாவும் யாழ்ப்பாணத்தவர். அந்தக் கோயிலை என்னுடையது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா, அல்லது அது அம்மாவை இழந்த துயரம் மட்டும்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

துயரத்தையும் பக்தியையும் பிரித்துப் பார்க்க வேண்டாம். எங்கள் வழக்கத்தில் அவை சேர்ந்தே இருக்கின்றன. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக் குளத்திலோ திருக்கோவில் கடலிலோ தீர்த்தமாடுகிறார்கள். தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடிக்கிறார்கள்.

தேவாரம் தெரியாததை ஒரு குறையாக எண்ணாதீர்கள். தேனெடுக்க வந்த வேடன் கொக்கட்டி மரத்தை வெட்ட, இரத்தம் பெருகியது கண்டு பதறித் துணியால் மூடினான் என்பதே அக்கோயிலின் ஐதீகம். அந்த முதல் அடியவன் எந்தப் பதிகத்தைப் பாடியிருப்பான்? மண்டூர் முருகன் கோயிலில் இன்றும் கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் மௌனமாகவே பூசை செய்கிறார்.

உரிமையைப் பொறுத்தவரை, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியில் வருவது. அப்பா எந்த ஊராராயினும் அம்மாவின் குடிதான் உங்கள் குடி. எங்கள் முஸ்லிம் அயலவரிடமும் இந்தத் தாய்வழிக் குடிமுறை உண்டு என்பதால், இதனை ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தாக நான் எண்ணியதில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் எங்கள் குடியின் பெயரைச் சொல்லிக் காளாஞ்சி என்னும் கோயில் மரியாதையைப் பெற அழைத்தார்கள். மாமா சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னே சென்று, வெற்றிலையும் பாக்கும் பழமும் தேங்காய்மூடியும் வைத்த தட்டத்தை இரு கைகளாலும் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அம்மம்மா அந்த வெற்றிலைகளை எல்லோருக்கும் பங்கிட்டு, ஏணையில் உறங்கிக்கொண்டிருந்த என் தங்கைக்கும் ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார். அவளுக்குத் தேவாரமும் தெரியாது, குடியும் தெரியாது. ஆனாலும் அவள் பங்கை யாரும் மறக்கவில்லை.

அதே காளாஞ்சி வரிசைக்காக மனிதர்கள் பகைத்துக்கொண்டதையும், வரிசையே இல்லாதவர்கள் தூரத்தில் நின்று பார்த்ததையும் நான் கண்டிருக்கிறேன். அதைப் பாரம்பரியம் என்று போற்ற என்னால் முடியாது. நான் மதிப்பது முறைப்படி வரும் வேலையை. திருவிழாவின் பொறுப்புகள் குடிகளுக்குப் பகிரப்பட்டிருப்பதால், ஒவ்வொரு ஆண்டும் யாரோ நெல் கொடுக்கிறார்கள், யாரோ எண்ணெய் வாங்குகிறார்கள், யாரோ விடியுமுன் எழுந்து வீதியைக் கூட்டுகிறார்கள். கல்லின் பழமையைவிட, விட்டுப்போகாத இந்த வேலைதான் கோயிலை எங்களுடையதாக்கி வைத்திருக்கிறது.

ஆகவே பெரியம்மாவிடம் உங்கள் குடி உலகிப்போடியா, காலிங்காவா, வேறொன்றா என்று கேளுங்கள். அந்தக் குடிக்குரிய பொறுப்பு என்னவென்றும் கேளுங்கள். அம்மா பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்திருக்கக்கூடிய மண்முனைத் துறையில் 2014 முதல் பாலம் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு ஒருநாள் முந்தியே வந்து, மாலை கட்டும் பெண்களோடு உட்காருங்கள். வாழைநார் கிழிப்பது எப்படியென்று பெரியம்மா காட்டித் தருவார்.