ஆறு வாக்கு பெற்ற அரசர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1862-இல் ஓட்டோ மன்னர் துரத்தப்பட்ட பின் கிரேக்கர்கள் வாக்களித்துப் புதிய அரசரைத் தேடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விக்டோரியா அரசியின் மகன் ஆல்பிரட்டுக்கு விழுந்தவை 2,30,016 வாக்குகள். அரியணை ஏறிய டென்மார்க் இளவரசர் வில்லியமுக்கோ வெறும் 6. மக்கள் தீர்ப்பை வெளிநாட்டுத் தூதர்கள் சேர்ந்து கவிழ்த்த சதி என்றே இது எனக்குப் படுகிறது. சரிதானா?

ரா.

அன்புள்ள ரா.,

எண்கள் சரி, சதி என்ற சொல்லைத்தான் ஏற்கத் தயங்குகிறேன். பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும், தத்தம் அரச குடும்பத்தினர் எவரும் கிரேக்க அரியணையில் அமரக்கூடாது என்று 1830-ஆம் ஆண்டு லண்டன் உடன்பாட்டிலேயே தங்களைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தன. ஆல்பிரட் வர இயலாது என்பது வாக்கெடுப்புக்கு முன்பே தூதரகங்களுக்குத் தெரியும். தெரிந்தும் லண்டன் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் இழுத்தடித்தது. ரஷ்யப் பேரரசரின் சகோதரி மகனான லாய்ஷ்டென்பெர்க் கோமகன் அரச குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா என்பதை அன்றைய ரஷ்யத் தலைநகரான பீட்டர்ஸ்பர்க் தெளிவாக்காதவரை, ஆல்பிரட்டை விலக்கினால் களம் அவருக்குத் திறந்துவிடும் என்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் அஞ்சினார். டிசம்பரில் பிரிட்டனும் ரஷ்யாவும் அந்த இருவரையும் ஒருசேர விலக்கிக்கொண்டபோது வாக்கெடுப்பு தொடங்கிவிட்டிருந்தது.

ஆக, தூதர்கள் நல்ல அரசரைத் தேடவில்லை. அடுத்தவருடைய ஆள் வராமலிருந்தால் அவர்களுக்குப் போதும். கிரேக்கத் தேசிய மன்றம் 1863 மார்ச் 30 அன்று தேர்ந்தெடுத்த வில்லியமுக்கு அப்போது வயது 17. சின்ன நாட்டுப் பையன், எவருடைய ஆளும் அல்லர். அதுவும் பாதி உண்மைதான்: அதே மாதம் அவருடைய அக்கா அலெக்சாண்ட்ரா பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரை மணந்திருந்தார்!

வாக்களித்தவர்களையும் ஏமாளிகள் என்று நான் நினைக்கவில்லை. 1833-இல் ஓட்டோ வந்திறங்கியது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில். 1862 அக்டோபரில், எதிர்க்க வேண்டாம் என்று தூதர்கள் சொன்னதைக் கேட்டு அவர் வெளியேறியதும் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில்தான். கடல் யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த மக்கள் அவர்கள். அன்று பிரிட்டனின் காப்பாட்சியில் இருந்த அயோனியத் தீவுகளின்மேல் கண் வைத்தே பலர் ஆல்பிரட்டின் பெயரை எழுதியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அந்தக் குறி தப்பவில்லை. முடியாட்சியைக் காத்து, துருக்கியைச் சீண்டாமல், பிரிட்டனுக்கு உகந்த அரசரைத் தேர்ந்தெடுத்தால் தீவுகள் கிடைக்கும் என்ற செய்தியோடு எலியட் என்ற சிறப்புத் தூதர் அந்த டிசம்பரிலேயே ஏதென்சுக்கு அனுப்பப்பட்டார். 1864-இல் தீவுகள் வந்தன. அத்தீவுகளில் ஒன்றான கோர்பூவின் கோட்டைகள் சிலவற்றை இடித்துவிட்டே பிரிட்டன் தீவுகளைக் கொடுத்தது.