ஒரு குடும்பத்துக்குத் திரட்டிய பணம் இன்னொரு குடும்பத்துக்குப் போனால்?

கேள்வி: வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, இரண்டு குழந்தைகளோடு பஸ் ஸ்டாண்டில் கிடந்த தம்பதிக்காக வாட்ஸ்அப்பில் உதவி கேட்டேன். என் சேமிப்புக் கணக்குக்கு 1,40,000 ரூபாய் வந்தது. அதற்குள் அவர்கள் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதேபோல் தெருவில் நின்ற வேறு இரண்டு குடும்பங்களுக்கு அந்தப் பணத்தில் அட்வான்ஸ் கட்டினேன். 40,000 ரூபாய் தந்தவர் வாட்ஸ்அப் குரூப்பில் கண்டபடி பேசிவிட்டு, இப்போது மோசடி என்று போலீஸில் மனு கொடுத்திருக்கிறார். கூட இருந்தவர்களும் நழுவிவிட்டார்கள். இரவு பகலாக அலைந்ததற்கு இதுதான் பலனா? அவர் மீது மானநஷ்ட வழக்குப் போடலாமா?

பதில்: மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள் அம்மா. நீங்கள் அலைந்தது, கூட இருந்தவர்கள் நழுவியது, அவர் குரூப்பில் பேசிய பேச்சு எதுவும் விசாரணையில் எடுபடாது. வேண்டுகோளில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. நீங்கள் அனுப்பிய நகலில் “இந்தக் குடும்பத்துக்கு ஒரு வீடு” என்றிருக்கிறது. “இவர்களைப் போன்றவர்களுக்கும்” என்று சேர்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. குறிப்பிட்ட காரியத்துக்கென வாங்கியது உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பணம். அதை வேறு நல்ல காரியத்துக்கே திருப்பினாலும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி என்று புகார் கொடுக்க வழியிருக்கிறது. தண்டனை 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் 3 ஆண்டுதான்.

நேர்மையற்ற நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். உங்களுக்கு அது இல்லை என்று முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை சாட்சியம் ஆகாது. உங்களிடம் இருப்பது, கோடு போட்ட நோட்டில் பென்சிலால் “அட்வான்ஸ் 60,000” என்ற ஒரு வரி. தேதி இல்லை, வீட்டுக்காரர் கையெழுத்தும் இல்லை.

நல்லவர்கள் சறுக்கி விழுவது இங்கேதான். என்னிடம் வந்த ஒரு இளைஞர் ஒரு பைசா தொடாதவர். மனு போட்டார்கள் என்றதும் பயந்துபோய், வீட்டுக்காரரிடம் பழைய தேதி போட்டு ரசீது வாங்கிவிட்டார். அந்தத் தேதியில் அந்த வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். கணக்கு கேட்ட மனு, போலி ஆவண வழக்காக மாறிவிட்டது. அந்தப் பையன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் வாங்குவதானால், “இன்ன நாளில் இவ்வளவு பெற்றேன்” என்று இன்றைய தேதியிலேயே எழுதி வாங்குங்கள், அது செல்லும். குரூப்பைக் கலைக்காதீர்கள். ஒரு மெசேஜைக்கூட அழிக்காதீர்கள்.

அந்த 40,000-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தப்பே செய்யாமல் எதற்கு என்பீர்கள். இந்த மாதிரி புகாரில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு இடம் தருகிறது. உங்களுக்கு இருப்பது அந்த அவகாசம்தான். எஃப்.ஐ.ஆர். விழுந்தபின் சமாதானமாகப் போகவும் கோர்ட்டு அனுமதி வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். சமாதானக் கடிதத்தில் தவறை ஒப்புக்கொள்கிற ஒரு சொல்கூட வரக்கூடாது. இனி கோரிக்கை ஏதுமில்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும். மற்றவர்கள் தந்ததில் மிச்சம் இருந்தாலும் அதிலிருந்து எடுக்காதீர்கள், அது இரண்டாவது புகாருக்கு வழி. கடன் வாங்கியாவது சொந்தப் பணத்தில் கொடுங்கள்.

மற்ற நன்கொடையாளர்களுக்கு, பணம் எங்கே போனது என்று இன்று இரவே எழுதிவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து போன் வந்துதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.